அழித்தும் குறையாத சேமிப்பகம்

திறன்பேசியில் ‘சேமிப்பிடம் நிறைந்துவிட்டது’ என்ற அறிவிப்பு தோன்றியதும் நாம் என்ன செய்வோம்? பழைய காணொளிகள் நான்கைந்தைத் தேடிப் பிடித்து நீக்குவோம். குப்பைத் தொட்டிக் கோப்புறையையும் காலி செய்வோம். அறிவிப்பு மறைந்துவிடும். இதே பழக்கத்தோடு ஒரு பெரிய தரவுத்தளத்தை அணுகுபவருக்கு அதிர்ச்சி காத்திருக்கிறது. அங்கே இலட்சக்கணக்கான பதிவுகளை அழித்த பின்னும் வன்தட்டில் இடம் கூடுவதில்லை; சில வேளைகளில் முன்பு இருந்ததைவிடக் குறைந்தும் போகிறது.

அது எப்படி? ஒரு சூழலைக் கற்பனை செய்து பார்ப்போம். ஒரு நிறுவனம் பள்ளிகளுக்கான செய்திச் செயலி ஒன்றை நடத்துகிறது. ஆசிரியரின் அறிவிப்பு, வீட்டுப்பாடம், பெற்றோரின் மறுமொழி, மாணவர் வருகைப் பதிவு என எல்லாம் அதன் தரவுத்தளத்தில் சேர்கின்றன. அத்தரவுத்தளம் 6 கணினிகளில் இயங்குகிறது. ஒரு திங்கட்கிழமை காலை எச்சரிக்கை வருகிறது. ஐந்து கணினிகளில் வன்தட்டு 88 விழுக்காடு நிறைந்துவிட்டது. பணியில் இருந்த இளம் பொறியாளர் பதறிப்போய், சென்ற ஆண்டின் செய்திகளை ஒவ்வொன்றாக அழிக்கும்படி கட்டளையிடுகிறார். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால், 88 என்பது 89 ஆகியிருக்கிறது. அவருடைய கட்டளையில் பிழை இல்லை. தரவுத்தளமும் பழுதாகவில்லை.

இதைப் புரிந்துகொள்ள, அத்தரவுத்தளத்தின் இயல்பை அறிய வேண்டும். அந்த நிறுவனம் கற்பனை என்றாலும், அது பயன்படுத்தும் மென்பொருள் உண்மையானது. அதன் பெயர் கசாண்ட்ரா. ஃபேஸ்புக் நிறுவனத்தில் பணியாற்றிய அவினாஷ் லட்சுமண், பிரசாந்த் மாலிக் ஆகிய இருவரும் பயனர்கள் தங்கள் அஞ்சல் பெட்டியில் பழைய செய்திகளைத் தேடுவதற்காக இதனை உருவாக்கினர். 2008ஆம் ஆண்டில் இதன் மூல நிரல் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டது. கசாண்ட்ரா என்பவள் கிரேக்கப் புராணத்தில் வரும் திராய் நகரத்து இளவரசி. வரப்போவதை முன்னரே சொல்லும் ஆற்றலைப் பெற்றவள். ஆனால், அவள் சொல்லை யாரும் நம்பமாட்டார்கள் என்ற சாபமும் அவளுக்கு உண்டு. வன்தட்டு 70 விழுக்காட்டைத் தாண்டியபோதே வந்த எச்சரிக்கையை எவரும் பொருட்படுத்தாத அலுவலகங்களை நினைத்தால், பெயர் பொருத்தமானதாகவே தோன்றுகிறது.

கசாண்ட்ரா ஒரு பரவல் தரவுத்தளம். தரவு முழுவதும் ஒரே கணினியில் இராது. பல கணினிகளில் பிரித்து வைக்கப்பட்டிருக்கும். அக்கணினிகளின் கூட்டத்தைத் ‘தொகுதி’ என்றும், ஒவ்வொரு கணினியையும் ‘கணு’ என்றும் அழைப்பர். ஒரு கணு பழுதானாலும் தரவு தொலைந்துவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு பதிவும் வழக்கமாக மூன்று கணுக்களில் நகலெடுத்து வைக்கப்படும். இங்கேதான் முதல் கணக்கு தொடங்குகிறது. நம் நிறுவனத்தின் உண்மையான தரவு 1000 ஜிகாபைட் என்று கொள்வோம். மூன்று நகல்கள் என்பதால் அது 3000 ஜிகாபைட் ஆகிறது. அதை 6 கணுக்களுக்குப் பங்கிட்டால், ஒரு கணுவுக்கு 500 ஜிகாபைட். ஒவ்வொரு வன்தட்டும் 1000 ஜிகாபைட் கொள்ளும். ஆக, எல்லாம் ஒழுங்காக நடக்கும் நாளிலேயே பாதி இடம் நிரம்பியிருக்கும். அந்த மீதிப் பாதி வீண் என்று நினைத்துவிட வேண்டாம். அதன் தேவையை விரைவில் காண்போம்.

அடுத்தது, எழுதும் முறை. நம் ஊர் மளிகைக் கடைகளில் கடன் எழுதிவைக்கும் 555 நோட்டுப் புத்தகத்தைத் தாத்தா பாட்டியிடம் கேட்டால் சொல்வார்கள். கடைக்காரர் அதில் மையால் எழுதுவார். யாராவது கடனைத் திருப்பிக் கொடுத்தால், பழைய பக்கத்தைத் தேடி அழித்துக்கொண்டிருக்க மாட்டார். கடைசியாக எழுதிய வரிக்குக் கீழே, ‘இன்னார் கடன் தீர்ந்தது’ என்று புதிதாக ஒரு வரி எழுதுவார். வரிசையாக எழுதிக்கொண்டே போவதால் வேலை விரைவாக முடியும். கசாண்ட்ராவும் அப்படித்தான். ஒருமுறை வன்தட்டில் எழுதிய கோப்பை அது மீண்டும் திருத்துவதே இல்லை. பதிவு மாறினால் புதிய வரி. பதிவை அழித்தாலும் புதிய வரி. ‘இது இறந்துவிட்டது’ என்று குறிக்கும் அந்த வரிக்குப் பொறியாளர்கள் வைத்திருக்கும் பெயர் ‘டூம்ஸ்டோன்’, அதாவது கல்லறைக்கல். இளம் பொறியாளர் ஒவ்வொரு செய்தியாக அழித்தபோது ஒவ்வொன்றுக்கும் ஒரு கல்லறைக்கல் நடப்பட்டது. இறந்த செய்தியும் அங்கேயே இருந்தது. கல்லும் புதிதாக வந்து சேர்ந்தது. அளவு ஏறாமல் என்ன செய்யும்?

நோட்டுப் புத்தகம் நிறைந்துவிட்டால் கடைக்காரர் புதியது ஒன்றை வாங்குவார். தீராத கடன்களை மட்டும் அதில் எடுத்து எழுதிவிட்டுப் பழையதைக் கழித்துவிடுவார். கசாண்ட்ராவும் அவ்வப்போது பல கோப்புகளைப் படித்து, நடப்பிலுள்ள பதிவுகளை மட்டும் ஒரு புதிய கோப்பில் எழுதி, பழைய கோப்புகளை நீக்குகிறது. இதனைக் ‘கோப்பு ஒன்றிணைப்பு’ எனலாம். உண்மையில் இடம் விடுபடுவது அப்போதுதான். கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எடுத்தெழுதும் வேலை முடியும்வரை பழைய நோட்டு, புதிய நோட்டு இரண்டும் மேசைமேல் இருக்க வேண்டும். அதனால்தான் அந்த மீதிப் பாதி இடம். ஏறக்குறைய ஒரே அளவுள்ள கோப்புகளை ஒன்றுசேர்க்கும் வழக்கமான முறையில், மிக மோசமான நிலையில் தரவின் அளவுக்குச் சமமான காலியிடம் தற்காலிகமாகத் தேவைப்படும். ஓர் அறையைத் துப்புரவு செய்யச் சாமான்களை எடுத்து வைக்க இன்னோர் அறை வேண்டும் அல்லவா? 88 விழுக்காடு நிறைந்த வன்தட்டில் அந்த அறை இல்லை. இடத்தை விடுவிக்கவே இடம் வேண்டும் என்ற இக்கட்டில் தொகுதி மாட்டிக்கொள்கிறது.

அப்படியானால், ஒன்றிணைப்பு நடந்த உடனே கல்லறைக்கற்களும் போய்விடுமா? போகாது. கசாண்ட்ரா அவற்றை இயல்பாக 864,000 விநாடிகளுக்கு, அதாவது 10 நாள்களுக்கு வைத்திருக்கும். இந்தக் காத்திருப்புக்குக் காரணம் இருக்கிறது.

அந்தக் கடைக்காரருக்கு மூன்று கிளைகள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். மூன்றிலும் ஒரே கணக்கு எழுதப்படுகிறது. மழை வெள்ளத்தால் மூன்றாவது கிளை சில நாள் மூடப்படுகிறது. அந்நேரம் பார்த்து ஒருவர் தம் கடனைத் தீர்க்கிறார். முதல் இரு கிளைகளும் ‘தீர்ந்தது’ என்று எழுதிக்கொள்கின்றன. சில நாளில் அவை புதிய நோட்டுக்கு மாறி, அந்தக் கடனையும் ‘தீர்ந்தது’ என்ற வரியையும் சேர்த்தே கழித்துவிடுகின்றன. பிறகு மூன்றாவது கிளை திறக்கிறது. அதன் நோட்டில் கடன் அப்படியே இருக்கிறது. மூவரும் கணக்கை ஒப்பிடும்போது, “நம்மிடம் இல்லாத ஒரு கடன் இவரிடம் இருக்கிறதே, நாம்தான் எழுத மறந்துவிட்டோம் போலும்!” என்று மற்ற இருவரும் அதை எழுதிக்கொள்கிறார்கள். தீர்ந்த கடன் உயிர்பெற்றுவிட்டது.

பரவல் தரவுத்தளத்தில் இது உண்மையாகவே நடக்கக்கூடியது. பொறியாளர்கள் இப்படித் திரும்பி வரும் பதிவுகளைப் ‘பிணப்பேய்த் தரவு’ என்று பாதி வேடிக்கையாகக் குறிப்பிடுவர். நம் செயலியில் அது வேடிக்கையாக இராது. வேறு பள்ளிக்கு மாறிச் சென்ற மாணவி ஒருத்தியின் விவரங்களை நீக்கும்படி பெற்றோர் கேட்டிருப்பர். நிறுவனமும் நீக்கிவிட்டதாகச் சொல்லியிருக்கும். சில வாரங்கள் கழித்து அவளுடைய பெயர் மீண்டும் பட்டியலில் தோன்றினால், அவர்களிடம் என்ன சொல்வது? மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டுச் சட்டமும், தேவை முடிந்த பிறகு ஒருவரின் விவரங்களை வைத்திருக்கக் கூடாது என்கின்றன. ஆகவே, கல்லறைக்கல்லைப் பத்து நாள் காத்து வைத்து, அதற்குள் எல்லாக் கணுக்களும் தம் கணக்கை ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். இந்த ஒப்பீட்டுக்குச் ‘சீரமைப்பு’ என்று பெயர். பத்து நாளுக்கு மேல் உறங்கிவிட்ட கணுவை அப்படியே மீண்டும் சேர்த்துக்கொள்வதில்லை. அதன் தரவை முழுவதும் துடைத்துவிட்டுப் புதிய கணுவாகத்தான் சேர்ப்பார்கள்.

இனி, அந்தத் திங்கட்கிழமைக்குத் திரும்புவோம். ஏதேனும் ஒரு கணு முற்றிலும் நிறைந்துவிட்டால், அதனால் புதிய செய்திகளை ஏற்க முடியாது. அதற்கு வர வேண்டிய செய்திகளைப் பிற கணுக்கள் இயல்பாக மூன்று மணி நேரம்வரை குறித்து வைத்துக்கொள்ளும். அந்தக் குறிப்புகளும் வன்தட்டில்தான் எழுதப்படுகின்றன. ஏற்கெனவே மூச்சுமுட்டிக்கொண்டிருக்கும் கணுக்கள் தம் நண்பனின் சுமையையும் சுமக்க வேண்டியிருக்கும். எனவே நேரம் குறைவு. ஆனாலும், மூத்த பொறியாளர் முதலில் செய்தது அழிப்பதை நிறுத்தச் சொன்னதுதான். பிறகு அவர் இரண்டு எண்களைக் கேட்டார்.

முதல் எண், வன்தட்டில் எவ்வளவு நிறைந்துள்ளது என்று இயங்குதளம் காட்டுவது. இரண்டாவது, தன்னிடம் எவ்வளவு தரவு உள்ளது என்று கசாண்ட்ராவே சொல்வது. ‘நோட்டூல்’ என்னும் கருவியில் நிலையறியும் கட்டளையைக் கொடுத்தால் ஒவ்வொரு கணுவின் சுமையும் தெரியும். பழைய ஐந்து கணுக்களில் முதல் எண் 890, இரண்டாவது எண் 650. ஆறாவது கணுவில் இரண்டுமே 540. இந்தச் சில எண்களிலேயே பாதி விடை அடங்கியிருந்தது.

ஐந்து கணுக்களிலும் 240 ஜிகாபைட் எங்கே போயிற்று? நோட்டூல் காட்டும் சுமையில் ‘ஸ்னாப்ஷாட்’ எனப்படும் காப்புப் பதிவுகள் சேர்வதில்லை. ஓர் அட்டவணையை முழுவதுமாகக் காலி செய்தாலோ நீக்கினாலோ, கசாண்ட்ரா இயல்பாகவே அதன் காப்புப் பதிவு ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளும். தவறுதலாகச் செய்திருந்தால் மீட்டுக்கொள்ளட்டும் என்ற நல்லெண்ணம் அது. காப்புப் பதிவு எடுக்கும்போது கோப்பு இரண்டாவது முறை எழுதப்படுவதில்லை. இருக்கும் கோப்புக்கே இன்னொரு பெயர் சூட்டப்படுகிறது. பள்ளிப் பெயர் ஒன்று, வீட்டுப் பெயர் ஒன்று வைத்திருக்கும் பிள்ளையைப் போல. பள்ளிப் பட்டியலில் பெயரை அடித்துவிட்டால் பிள்ளை மறைந்துவிடுமா? வீட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வந்து நிற்கும். அதுபோல, இரண்டு பெயர்களும் நீங்கினால்தான் கோப்பு வன்தட்டை விட்டு விலகும். சில மாதங்களுக்குமுன் யாரோ ஒரு பழைய அட்டவணையைக் காலி செய்துவிட்டு, ‘வேலை முடிந்தது’ என்று போய்விட்டார். 240 ஜிகாபைட் வீட்டுப் பெயரோடு அங்கேயே வாழ்ந்துகொண்டிருந்தது.

மூத்த பொறியாளர் அதையும் உடனே நீக்கிவிடவில்லை. அட்டவணையைக் காலி செய்தவர் யார், அக்காப்புப் பதிவு இன்னும் யாருக்காவது தேவையா என்று விசாரித்தார். வேண்டாம் என்பது உறுதியான பிறகு அதற்குரிய கட்டளையால் நீக்கினார். இங்கே கல்லறைக்கல்லும் இல்லை, காத்திருப்பும் இல்லை. சில நொடிகளில் 890 என்பது 650 ஆயிற்று. அலுவலகத்தில் எல்லாரும் மூச்சு விட்டனர்.

ஆறாவது கணு ஏன் மற்றவற்றைவிடச் சிறுத்திருந்தது? அது சென்ற மாதம்தான் சேர்க்கப்பட்டது. அதற்குமுன் 3000 ஜிகாபைட்டை 5 கணுக்கள் பங்கிட்டுக்கொண்டிருந்தன; ஒவ்வொன்றுக்கும் 600. புதியது வந்ததும் ஒவ்வொன்றின் பங்கும் 500 ஆகக் குறைய வேண்டும். ஆனால், கசாண்ட்ரா புதிய கணுவுக்குரிய பங்கை நகலெடுத்துக் கொடுக்குமே தவிர, பழைய கணுக்களில் இருக்கும் அந்தப் பகுதியைத் தானாக நீக்காது. புதியது சரியாக வேலை செய்கிறது என்று உறுதியாகும்வரை இருக்கட்டும் என்ற முன்னெச்சரிக்கைதான் காரணம். நீக்குவதற்குத் ‘துப்புரவு’க் கட்டளை ஒன்று உண்டு. அதை ஒவ்வொரு பழைய கணுவிலும் மனிதர்தாம் இயக்க வேண்டும். பலரும் மறந்துபோவது இதைத்தான். துப்புரவு, கோப்புகளைப் படித்துத் திரும்ப எழுதும் வேலை என்பதால் அதற்கும் தற்காலிக இடம் வேண்டும். காப்புப் பதிவை முதலில் நீக்கி, இதை இரண்டாவதாகச் செய்ததற்குக் காரணம் அதுதான். வரிசையை மாற்றியிருந்தால் துப்புரவின் நடுவிலேயே வன்தட்டு நிறைந்திருக்கக்கூடும். ஒரே நேரத்தில் ஐந்திலும் இயக்கினால் செயலி மந்தமாகிவிடும் என்பதால், ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு நாள்களில் முடித்தனர். எல்லாக் கணுக்களும் 550 ஜிகாபைட்டுக்கு அருகில் வந்து நின்றன.

மீதமிருந்தது, அழிக்கப்பட்டும் போகாத சென்ற ஆண்டுச் செய்திகள். “காத்திருக்கும் காலத்தைப் பத்து நாளிலிருந்து பூச்சியமாக்கிவிட்டால் உடனே போய்விடுமே!” என்றார் இளையவர். போய்விடும் என்பது மெய்தான். ஆனால், அந்த வாரம் சீரமைப்பு இன்னும் நடக்கவில்லை. மூன்று நகல்களுள் ஒன்று அழிப்புக் கட்டளையைத் தவறவிட்டிருந்தால், அச்செய்திகள் பிணப்பேய்களாக எழுந்து வரும். வேறு சிலர் இன்னும் துணிந்து, பெரிய கோப்பு ஒன்றைப் பார்த்துக் கையாலேயே அழித்துவிடுவதுண்டு. அக்கோப்பில் இருந்தது கல்லறைக்கல்லாக இருந்தால், அதன் கீழ் உறங்கிய பழைய பதிவு வேறொரு கோப்பிலிருந்து வெளிப்பட்டுவிடும். இந்த இரண்டும் அந்த அலுவலகத்தில் நடக்கவில்லை. சீரமைப்பை இயக்கிவிட்டுக் காத்திருந்தனர்.

பதினோராம் நாளும் அளவு பெரிதாகக் குறையவில்லை. காரணம், சென்ற ஆண்டுச் செய்திகள் பெரும்பாலும் மிகப் பெரிய ஒரு பழைய கோப்பில் இருந்தன. கல்லறைக்கற்களோ புதிய சிறு கோப்புகளில் இருந்தன. ஏறக்குறைய ஒரே அளவுள்ள நான்கு கோப்புகள் சேர்ந்தால்தான் அவற்றை ஒன்றிணைப்பது இம்முறையின் வழக்கம். பெரியதும் சிறியதும் ஒரே மேசைக்கு வந்தால்தான் கல்லும் அது குறிக்கும் பதிவும் சேர்ந்து போகும். எல்லாக் கோப்புகளையும் ஒரே கோப்பாக்கும் கட்டளையும் இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் இன்று தீர்வு கிடைக்கும். ஆனால், உருவாகும் மாபெரும் கோப்புக்கு இணையான கோப்புகள் அடுத்த பல மாதங்களுக்குச் சேரமாட்டா. பிற்காலத்தில் அழிக்கப்படுபவை அதற்குள்ளேயே சிறைப்பட்டுக் கிடக்கும். அதனால், கல்லறைக்கற்கள் மிகுந்த கோப்புகளை மட்டும் தேர்ந்தெடுத்து, அவை குறிக்கும் பழைய கோப்போடு ஒன்றிணைத்தனர். இப்போது அதற்குத் தேவையான காலியிடமும் இருந்தது.

அந்த வேலை நடந்த இரவில் வன்தட்டின் வரைபடம் முதலில் செங்குத்தாக மேலே ஏறியது. இளம் பொறியாளர் இம்முறை பதறவில்லை. விடியற்காலையில், எடுத்தெழுதும் வேலை முடிந்து பழைய கோப்புகள் நீங்கியதும், கோடு கீழே இறங்கியது. அடுத்த வாரம் அவர்கள் செய்திகளுக்கு ஆயுள் குறித்தனர்: ஒவ்வொரு செய்தியும் எழுதப்படும்போதே அது எந்நாளில் காலாவதியாகும் என்பதும் சேர்த்து எழுதப்படும். ஒரு வாரத்தில் வந்தவையெல்லாம் ஒரே கோப்பில் இருக்கும்படி ஒன்றிணைப்பு முறையையும் மாற்றினர். காலம் முடிந்து, காத்திருப்பு நாள்களும் கழிந்த பிறகு, உள்ளே ஒவ்வொரு வரியாகப் பார்க்காமல் அந்த வாரத்துக் கோப்பை அப்படியே தூக்கிப் போட்டுவிடலாம்.